பெருமாளுக்கு முதுகு காட்டாத கோல்ஃப்

கோல்ஃப் என்ற ஆட்டம் உண்டான நாளிலிருந்து இன்றுவரை, அதை இவ்வளவு பக்தியோடும் இவ்வளவு மோசமாகவும் ஆடியவர் எங்கள் வடக்கு மாமாவைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது. எந்தக் கோர்ட்டில் கூப்பிட்டாலும் வந்து சாட்சி சொல்வேன். பக்கத்திலேயே நின்று பார்த்த பாவி நான்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சம்பளம் போடுகிறவர் மட்டும்தான் உபயோகித்தார். தில்லை நகரில் நாங்கள் வேலை பார்த்த இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் மற்ற எல்லாருக்கும் அவர் வடக்கு மாமா. காரணம் எளிது. திருச்சிக்கு வடக்கே ஸ்ரீரங்கம். அங்கே பெருமாள் தெற்கே பார்த்துச் சயனித்திருக்கிறார். அதாவது திருச்சி முழுவதையும், அதில் எங்கள் அலுவலகத்தையும், அதில் மாமாவின் மேஜையையும் அவர் சதா பார்த்துக்கொண்டே இருக்கிறார். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு முதுகைக் காட்டலாமா? கூடாது என்பது மாமாவின் சட்டம்.

சட்டத்தில் விலக்குகளும் உண்டு. நடந்து போகும்போதும் வண்டியில் போகும்போதும் தோஷமில்லை. இல்லாவிட்டால் ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்து மனிதர் வேலைக்கே வந்திருக்க முடியாது. நின்றோ உட்கார்ந்தோ ஒரு காரியம் செய்யும்போது மட்டும் முதுகு வடக்கே இருக்கக் கூடாது. புதிதாக வந்த மேனேஜர் வாஸ்து பார்த்துத் தன் நாற்காலியை அறையின் தெற்கு மூலையில் போட்டுக்கொண்டார். அவர் எதிரில் நின்றால் முதுகு வடக்கே போய்விடும். மாமா பக்கவாட்டில் திரும்பி நின்று, அங்கிருந்த பீரோவைப் பார்த்தபடியே கேள்விகளுக்குப் பதில் சொன்னார். மாமாவுக்குத் தீராத கழுத்துவலி என்று மேனேஜர் வெகுநாள் அனுதாபப்பட்டுக்கொண்டிருந்தார்.

பல் டாக்டரிடம் போனது இன்னும் மோசம். நாற்காலியில் சாய்ந்தால் கால் வடக்கே நீண்டது. முதுகே கூடாது என்கிறவர் காலை நீட்டுவாரா? நாற்காலியைத் திருப்பச் சொன்னார். அது தரையோடு போல்ட் போட்டு முடுக்கிய நாற்காலி. கடைசியில் அதன் மேலேயே சப்பணம் கட்டி உட்கார்ந்து, வாயைத் திறந்து, கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டார். கூடப் போனவன் நான்தான். இம்மாதிரிக் காரியங்களுக்கெல்லாம் கூடப் போவதற்கென்றே என்னைப் படைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

இப்பேர்ப்பட்டவர் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் காட்டூரில் என் வீட்டுக்கு வந்தார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். காபியைக் குடித்தார்.

"ஓய், நாம கோல்ஃப் கத்துக்கணும்" என்றார்.

நாம என்றாரே, அந்த இடத்திலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன் மாதிரி, ஏன் என்று கேட்டுத் தொலைத்தேன்.

ஏன் என்றால், கோதை. மாமாவின் ஒரே மகள். அமெரிக்காவில் வேலை. அங்கேயே தனக்குப் பிடித்தவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். மாமா கல்யாணத்துக்குப் போகவில்லை. பல வருஷம் பேச்சே இல்லை. பிறகு எப்படியோ போன் வர ஆரம்பித்தது. மாமா எடுத்தால், "நன்னா இருக்கேளா அப்பா? அம்மாகிட்ட குடுங்கோ" என்பாள். அவ்வளவுதான். மாமா போனை மாமியிடம் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருப்பாராம். மாமி என் மனைவியிடம் சொல்லி வருத்தப்பட்டது இது.

அந்தக் கோதை மார்கழிக்கு ஊருக்கு வருகிறாள். சனிக்கிழமைதோறும் அவள் கோல்ஃப் ஆடப் போகிற விஷயம் மாமி மூலம் மாமாவுக்குத் தெரிந்தது. கோல்ஃப் என்றால் என்ன என்று விசாரித்திருக்கிறார். ஆட்டம் அவருக்குப் புரியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது.

"நாலு மணி நேரம் சேர்ந்து நடக்கணுமாம் ஓய். நடுவுல விட்டுட்டுப் போறது வழக்கமில்லையாம். ஆத்துல இருந்தா என்கூட அவ அஞ்சு நிமிஷம் உக்கார மாட்டா. அங்க நாலு மணி நேரம் பக்கத்துல நடந்துதானே ஆகணும்? எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

இதைக் கேட்டு என் மனசு இளகிவிட்டது. இளகியிருக்கக் கூடாது. அதன் பலனை ஆனி மாதத்திலிருந்து அனுபவித்தேன்.

பொன்மலைப் பக்கம் கோல்ஃப் ஆடுகிற மைதானம் ஒன்று இருக்கிறது. அங்கே சொல்லிக்கொடுப்பவரை எல்லாரும் கோச் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய, கனத்த சரீரமுள்ள, மிகப் பொறுமையான மனிதர். அந்தப் பொறுமை மாமாவிடம் சிக்கி என்ன பாடு பட்டது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் துக்கம் வருகிறது.

முதல் நாள் மாமா திருமண் இட்டு, காலர் வைத்த பனியனும் பேண்ட்டும் போட்டு, ஆபீஸ் ஷூவோடு வந்தார். பழகுகிற இடத்தில் பந்தைக் கிழக்கே அடிக்க வேண்டும். கோல்ஃபில் நேரே பார்த்து அடிப்பதில்லை. பக்கவாட்டில் நின்று, வலது கைக்காரர் தன் இடப்பக்கமாகப் பந்தை அனுப்புவார். ஆகவே, கிழக்கே அடிக்கத் தெற்கே பார்த்து நிற்க வேண்டும். தெற்கே பார்த்து நின்றால் முதுகு எங்கே இருக்கும்? நீங்கள் புரிந்துகொண்டுவிட்டீர்கள். கோச்சுக்குத்தான் புரியவில்லை.

அவர் மாமாவின் தோளைப் பிடித்துத் தெற்கே திருப்பினார். மாமா வடக்கே திரும்பினார். மறுபடி திருப்பினார். மறுபடி திரும்பினார். வயதான மனிதருக்குக் காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக் கோச் சைகையில் காட்டினார். கடைசியில் நான் குறுக்கே விழுந்து விஷயத்தைச் சொன்னேன். கோச் வடக்கே பார்த்தார். அங்கிருந்து கோபுரமெல்லாம் தெரியாது. மரமும் கரண்ட் கம்பியும்தான் தெரிந்தன.

"சார், இங்கேருந்து அவ்வளவு தூரம் இருக்குங்களே" என்றார்.

"தூரம் நமக்குத்தான்" என்றார் மாமா.

கோச் நெடுநேரம் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். இடது கைக்காரர்கள் நேர் எதிராக நிற்பார்கள். வடக்கே பார்த்து நின்றபடி கிழக்கே அடிப்பார்கள். அப்படிப் பழகிக்கொள்ளலாம். வந்தது அடுத்த சங்கடம். ஒரு நல்ல காரியத்தை யாராவது இடது கையால் ஆரம்பிப்பார்களா? மாமா அங்கேயே நின்று தர்க்கம் பண்ணி, மட்டையை இரண்டு கையாலும்தானே பிடிக்கிறோம், வலது கையும் கூட இருப்பதால் பாதகமில்லை என்று தீர்ப்புச் சொன்னார். யாரோ விட்டுப்போன இடது கை மட்டை ஒன்று பழைய சாமான்களுக்கு நடுவே கிடைத்தது. இப்படியாக, பிறந்ததிலிருந்து ஊசிக்கு நூல் கோப்பதைக்கூட வலது கையால் செய்தவர், அறுபத்தெட்டாவது வயதில் இடது கை கோல்ஃப் கற்க ஆரம்பித்தார்.

பந்து நகரவில்லை. சுருக்கமாகச் சொன்னால் கதை அவ்வளவுதான். ஆடி போயிற்று, ஆவணி போயிற்று, பந்து அங்கேயே இருந்தது. ஒன்று மட்டை காற்றில் போகும், அல்லது மண்ணில் போகும். மண்ணில் போனால் புல்லோடு ஒரு கட்டி பெயர்ந்து வரும். மாமா மட்டையைக் கீழே வைத்து, குனிந்து, பூமியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பூமாதேவியிடம் மன்னிப்புக் கேட்பார். காலையில் படுக்கையை விட்டு இறங்கும்போதே பூமியை மிதிப்பதற்கு மன்னிப்புக் கேட்கிறவர், வெட்டியதற்குக் கேட்காமல் இருப்பாரா? பெயர்ந்த கட்டியைப் பழையபடி பதித்து, தட்டிக்கொடுத்து, பிறகுதான் அடுத்த வெட்டு. பின்னால் காத்திருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு வேறு நேரத்தில் வரத் தொடங்கினார்கள்.

நானும்தான் கற்றேன், வலது கையால், ஒழுங்காகத் தெற்கே பார்த்து நின்று. மாமா அதை ஆட்சேபிக்கவில்லை. "உமக்கு எப்படித் தோணறதோ அப்படி" என்பார். அந்தக் குரலில் நரகம் கண்ணுக்குத் தெரியும். பிறகு எனக்கு எங்கே பந்து போகும்?

ஐப்பசியில் மழை நின்ற ஒரு நாள் கோச் எங்களைத் தைரியமாக மைதானத்துக்குள் அழைத்துப்போனார். பந்தைத் தட்டிக்கொண்டுபோய்ப் போட வேண்டிய முதல் குழி கிழக்கே இருந்தது, அதற்கு மாமா இடது கையால் ஆடினார். இரண்டாவது குழிக்கு மேற்கே திரும்பி வருகிறபோது இடது கையால் ஆடினால் முதுகு வடக்கே போகிறதென்று மட்டையை மாற்றி வலது கையால் ஆடினார். இரண்டும் வரவில்லை. மூன்றாவது குழி நேர் வடக்கே இருந்தது. பெருமாளைப் பார்த்துப் பந்தை அடிப்பதாவது! சைக்கிளில் மேடு ஏறுகிறவன் வளைந்து வளைந்து போவது போல, கிழக்கே ஒரு தட்டு, மேற்கே ஒரு தட்டு என்று போய்க்கொண்டிருந்தார். நாங்கள் குழியை அடையவில்லை. கோச் தன் தொப்பியைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

அன்றைக்குத்தான் மாமா ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். வடக்கே பார்த்துத்தான்.

"எனக்கு வராது ஓய். அவ வருவா, கோவிலுக்குப் போவா, அம்மாகூடப் பேசுவா, போயிடுவா. நான் வாசல்ல நின்னு பொட்டியைத் தூக்கி வண்டியில வெப்பேன்."

நேராகத் தெற்கே பார்த்து நில்லும், பெருமாள் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று சொல்லலாம்தான். சொன்னால், அதற்குப் பிறகு அவர் வடக்கு மாமாவாக இருக்க மாட்டார். பேசாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

மார்கழி வந்தது. கோதையும் வந்தாள். அவர் சொன்னபடியேதான் நடந்தது. கோவில், அம்மா, உறவுக்காரர்கள். மாமா மகளிடம் கோல்ஃப் என்ற வார்த்தையை எடுக்கவே இல்லை. தினமும் எனக்குப் போன் செய்து, இன்றைக்கும் கேட்கவில்லை என்று மட்டும் சொல்வார். கடைசியில் அவள் கிளம்புவதற்குச் சில நாள் இருக்கும்போது, காலையில் பொன்மலை வரைக்கும் வர முடியுமா என்று கேட்டிருக்கிறார். ஏதோ டாக்டர் பரிசோதனை, சொல்லப் பயப்படுகிறார் என்று அவள் கலவரப்பட்டுக் கூடவே வந்துவிட்டாள். தனியாக இருந்தால் தனக்கு வாய் வராது என்று என்னையும் அங்கே வரச் சொல்லியிருந்தார்.

மைதானத்தைப் பார்த்ததும் கோதை திகைத்து நின்றாள். அப்பா பழைய மட்டையை எடுத்துக்கொண்டு வருவதைப் பார்த்து இன்னும் திகைத்தாள். எதுவும் கேட்காமல் கோச்சிடம் மட்டை ஒன்றை வாங்கி, பழகுகிற இடத்தில் மாமாவுக்கு வடக்கே அடுத்தாற்போல் நின்று, ஒரு வீச்சு வீசினாள். பந்து கண்ணுக்குத் தெரியாத தூரம் போய் விழுந்தது. வலது கை ஆட்டம். முதுகு தெள்ளத் தெளிவாக வடக்கே. இந்த மனிதர் இப்போது சட்டம் பேசினால் எல்லாம் தீர்ந்தது.

மாமா வடக்கே பார்த்து நின்று, இடது கை மட்டையை ஓங்கி வீசினார். காற்றில் போனது. இன்னொரு தடவை. மண்ணில் போனது. குனிந்து பூமியைத் தொட்டு ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

அப்போதுதான் நான் கவனித்தேன். அந்த வரிசையில் எல்லாரும் தெற்கே பார்த்து, முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் மகளும் மட்டும் நேருக்கு நேர் நின்றார்கள்.

"என்னப்பா இது, லெஃப்ட்லயா ஆடறேள்?" என்றாள் கோதை. கேட்டுக்கொண்டே தன் முதுகுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மரமும் கரண்ட் கம்பியும்தான். அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பெருமாளா?"

மாமா தலையை ஆட்டினார்.

"இந்த வயசுல எதுக்குப்பா கோல்ஃப்?"

மாமா என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தேன்.

"நாலு மணி நேரம் ஆகுமாமே" என்றார்.

கோதைக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்தது முகத்தில் தெரிந்தது. மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "நான் பெருமாளுக்கு முதுகைக் காட்டிண்டுன்னா நிக்கறேன். ஒண்ணும் சொல்லலையே" என்றாள்.

"நீ என்னைப் பாத்துண்டு நிக்கறே. அது போறும்" என்றார் மாமா.

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் மைதானத்துக்குள் போனார்கள். பையை அவள் தூக்கிக்கொண்டாள். கோச்சும் நானும் டீ குடித்தோம், மறுபடியும் குடித்தோம். தூரத்தில் இருவர் கிழக்கே ஒரு தட்டு, மேற்கே ஒரு தட்டு என்று வளைந்து வளைந்து போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. மத்தியானம் தாண்டித்தான் திரும்பி வந்தார்கள். எத்தனை அடி அடித்து முடித்தீர்கள் என்று கோச் வழக்கப்படி கேட்டார். எண்ணவில்லை என்றாள் கோதை.

இந்த வருஷம் மாமாவும் மாமியும் மகளிடம் போயிருக்கிறார்கள். ஆறு மாதம் கழித்துத்தான் வருவார்களாம். அங்கேயும் சனிக்கிழமை ஆட்டம் உண்டாம், அங்கேயும் பந்து நகரவில்லையாம். சந்தோஷமாகப் போனில் சொன்னார். நானும் சனிக்கிழமை காலையில் பழக்கதோஷத்தில் பொன்மலைக்குப் போய்க் கோச் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். அங்கே இப்போது எல்லாரும் பந்தை ஒழுங்காக அடிக்கிறார்கள். பார்க்கவே பிடிக்கவில்லை.