ஆமையாரின் கடைசி ஐந்து நிமிடம்

இனிமேல் இந்த வீட்டில் நல்லொழுக்கம் தழைத்தே தீர வேண்டும் என்று சர்க்குலர் தீர்மானம் செய்தது ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஆறேகால் மணிக்கு. நேரத்தை அவரே டைரியில் குறித்து வைத்திருக்கிறார்.

சர்க்குலர் என்பது ஆபீஸில் அவருக்கு விழுந்த பெயர். குடிநீர் ஆபீஸில் தலைமை எழுத்தர். குழாய் சொட்டினாலும் சரி, பியூன் தும்மினாலும் சரி, சாயங்காலத்துக்குள் ஒரு சுற்றறிக்கை பலகையில் ஏறிவிடும். அந்தப் பழக்கம் மெல்ல வீட்டுக்கும் வந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொண்டது. இதுவரை நாற்பத்தொரு சுற்றறிக்கை. ஃபிரிட்ஜ் என்ன நிறம் என்று கேட்டால் அந்த வீட்டில் யாருக்கும் சட்டென்று சொல்ல வராது.

ஒவ்வொன்றையும் ஒட்டும்போது மனைவி பக்கத்தில் நின்று படிப்பாள். படித்துவிட்டு ஒரே வார்த்தை சொல்வாள். "சரிங்க."

இப்படிப்பட்ட மனைவி எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று சர்க்குலர் ஆபீஸில் பெருமை அடித்துக்கொள்வார். சொன்ன சொல் தட்டமாட்டாள். பால்கனிக் கதவை எப்போதும் உள்ளே தாழிட்டு வைக்க வேண்டும் என்று பதினேழாம் எண் சொன்னது. ஒருநாள் அவர் ஈரத் துண்டைக் காயப்போடப் பால்கனிக்குப் போனார். அவள் சுற்றறிக்கைப்படி தாழிட்டாள். உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நின்றபடி, கதவைத் திறந்தால் பதினேழாம் எண்ணை மீறியதாகுமே என்று நியாயமாகக் கவலைப்பட்டாள். கதவு திறந்தபோது, துணி துவைக்கும் மெஷின் வாங்குவதற்கு அவர் எப்படியோ சம்மதித்திருந்தார். சாப்பாட்டு மேஜையில் யாரும் பேசக் கூடாது என்றது இருபத்து மூன்று. அவர் வாய் நிறையச் சாப்பாட்டோடு இருக்கும்போது அவள் ஒரு காகிதத்தில் எழுதி நீட்டினாள்: 'பாப்பாவை டிராயிங் கிளாஸில் சேர்க்கிறேன். வேண்டாம் என்றால் உடனே சொல்லுங்கள்.' அவர் எப்படிச் சொல்லுவார், பாவம்.

இதெல்லாம் தற்செயல் என்றுதான் அவர் அதுவரை நம்பிக்கொண்டிருந்தார்.

டிராயிங் கிளாஸில்தான் வினை முளைத்தது. மகளுக்கு எட்டு வயது. வால் மட்டும்தான் இல்லை என்பதால் வீட்டில் வாலு என்று பெயர். 'என் குடும்பம்' என்று படம் வரையச் சொன்னார்களாம். அம்மாவை அம்மாவாக வரைந்திருந்தாள். தன்னைத் தானாக வரைந்திருந்தாள். அப்பா இருக்க வேண்டிய இடத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு ஃபிரிட்ஜ் நின்றது, உடம்பெல்லாம் காகிதத்தோடு.

அந்த வெள்ளிக்கிழமை படத்தை முதலில் பார்த்தவர் மேல்வீட்டு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அவர் எங்கே உட்கார்ந்தாலும் வலது கால் இல்லாத பிரேக் ஒன்றைத் தேடிக்கொண்டே இருக்கும், தொழில் அப்படி. படத்தை எட்டப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். "சார், அப்படியே உரிச்சு வச்சிருக்கு" என்றார்.

சர்க்குலருக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றது. கோபம் இல்லை, வருத்தம். மகள் தன்னை அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று எந்த அப்பாதான் நினைக்கமாட்டான்? இவள் அண்ணாந்து பார்த்து ஃபிரிட்ஜை அல்லவா வரைந்திருக்கிறாள்.

குற்றவாளி யார் என்று அவர் உடனே கண்டுபிடித்துவிட்டார். டி.வி. இப்போது வருகிற கார்ட்டூன்களை ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஆராய்ந்தார். எதைத் திருப்பினாலும் அப்பா என்றால் கோமாளி. அப்பா சோபாவிலிருந்து விழுகிறார், அம்மா சிரிக்கிறாள், குழந்தை சிரிக்கிறது, நாய்க்குட்டிகூடச் சிரிக்கிறது. பெரியவர்களைக் கிண்டல் பண்ணுவதுதான் இந்தக் காலத்துப் பிழைப்பு என்றால் பிள்ளைகள் எப்படி உருப்படும்?

அவர் வளர்ந்த கதையே வேறு. சின்ன வயதில் வாரம் ஒருநாள், சாயங்காலம் ஐந்து மணிக்கு 'ஆமையார் வருகிறார்' என்று ஒரு கார்ட்டூன் வரும். மூக்குக்கண்ணாடி போட்ட வயதான ஆமை ஒன்று பாறை மேல் ஏறி நின்று, காட்டு மிருகங்களுக்கெல்லாம் வாரம் ஒரு ஆமை சொல்லும். பொய் சொல்லாமை. தாமதியாமை. பெரியோரை எதிர்த்துப் பேசாமை. மிருகங்கள் எல்லாம் தலையாட்டும். அவருடைய அப்பா விடியும் முன்னே வேலைக்குப் போய், பிள்ளை தூங்கிய பிறகு வருகிறவர். நல்லது கெட்டது சொல்லிக் கொடுக்க சர்க்குலருக்கு வாய்த்தது அந்த ஆமை ஒன்றுதான். அதன் மேல் உயிரையே வைத்திருந்தார். சரியாக ஐந்து இருபத்தைந்துக்கு வாசலில் டியூஷன் வாத்தியாரின் சைக்கிள் மணி அடிக்கும், அம்மா டி.வி.யை அணைத்துவிடுவாள். பூஜை வேளையில் கரடி மாதிரி அந்த வாத்தியார். ஆனாலும் என்ன, ஒழுக்கம் என்பது இருபத்தைந்து நிமிஷத்திலேயே வேண்டிய அளவு சேர்ந்துவிட்டது.

பெண் பார்க்கும் காலத்தில், காப்பிக் கடை ஒன்றில் முதன்முதலாகச் சந்தித்தபோது இதை அவர் ஒளிக்கவில்லை. "என் வாழ்க்கைக்கு வழிகாட்டி ஆமையார்தான். குடும்பத்தையும் அவர் மாதிரியே நடத்தணும்னு ஆசை" என்றார். எதிரே இருந்தவளுக்குக் காப்பி புரையேறி, கண்ணில் தண்ணீர் முட்டி, பேச்சு வர ஐந்து நிமிஷமானது. வந்ததும் சம்மதம் சொல்லிவிட்டாள். ஆனந்தக் கண்ணீர் என்று சர்க்குலர் எடுத்துக்கொண்டார்.

ஆக, வெள்ளிக்கிழமை ஆறேகாலுக்குத் தீர்மானம். சனிக்கிழமை ஆபீஸ் ஸ்டோர்கீப்பரிடமிருந்து பென் டிரைவ். அந்த மனிதர் பழைய நிகழ்ச்சிகளைச் சேர்த்து வைக்கும் பைத்தியம். ஆமையாரின் இருபத்தாறு வாரமும் அவரிடம் இருந்தன. கொடுக்கும்போது, "சார், உங்களுக்கு இவ்வளவு நகைச்சுவை உணர்வு இருக்கும்னு நினைக்கல" என்றார். சர்க்குலர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று மாலையே நாற்பத்திரண்டாம் எண் தயாரானது. ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆமையார் திரையிடப்படுவார். பார்த்து முடித்ததும் மகளுக்கு ஆமையார் மேல் மரியாதை பிறந்தால் புதிய கார்ட்டூன்கள் ஒழிந்தன; டிராயிங் கிளாஸும் ஒழிந்தது, அதற்குப் பதில் கையெழுத்து வகுப்பு. பிறக்காவிட்டால் ஃபிரிட்ஜ் கதவை மனைவி, மகள் வசம் ஒப்படைத்துவிடுவார்.

வாலு படித்துவிட்டுக் கலர் பென்சில் டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கதவு சாத்தும் சத்தம்கூடக் கேட்கவில்லை. அழுகிறாளோ என்று சர்க்குலருக்கே ஒரு மாதிரி ஆனது. ஆனால் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே.

மனைவி பெரிய மருந்துக் கடை ஒன்றில் மருந்தாளர். நாளெல்லாம் கவுண்டரில் நின்று அவள் சொல்லுகிற வாக்கியம் ஒன்றுதான்: மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள், முழுசாக முடியுங்கள், இல்லாவிட்டால் வியாதி முற்றிப் போய்த் திரும்பி வரும். அவள் சுற்றறிக்கையை மேலிருந்து கீழே வரை இரண்டு தடவை படித்தாள்.

"ஒரே ஒரு விஷயம் சேர்த்துக்கலாமாங்க?"

"என்ன?"

"பாதியில யாரும் எழுந்து போகக் கூடாது. டி.வி.யை அணைக்கக் கூடாது. கடைசி வரைக்கும் பார்க்கணும்."

சர்க்குலருக்குப் புல்லரித்தது. தன் மனதில் இருந்ததையே அல்லவா சொல்கிறாள். சிவப்புப் பேனாவால் சேர்த்து, அடிக்கோடும் போட்டார். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று மேல்வீட்டு மாஸ்டரையும் தானே போய் அழைத்தார்.

"ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சொல்லுவாங்களே சார்" என்றார் மாஸ்டர்.

"அது வேற ஆமை" என்றார் சர்க்குலர்.

ஞாயிறு. பத்து மணி. சோபாவில் வாலு, பக்கத்தில் அம்மா, நாற்காலியில் மாஸ்டர். சர்க்குலர் மட்டும் டி.வி.க்குப் பக்கத்தில், வகுப்பெடுக்கிறவர் மாதிரி நின்றுகொண்டார். திரையில் ஆமையார் பாறை மேல் ஏறினார். மூக்குக்கண்ணாடியைச் சரி செய்தார். 'இன்றைய ஆமை, தாமதியாமை' என்றார். நாளை காலை ஏழு மணிக்குக் கூட்டம், ஒரு நிமிஷம் தாமதித்தாலும் காட்டில் இடமில்லை. யானை தலையாட்டியது, முயல் தலையாட்டியது. அந்தக் குரலைக் கேட்டதும் சர்க்குலரின் தலையும் கூடவே ஆடியது. ஓரக்கண்ணால் மகளைப் பார்த்தார். வாலு கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயித்தாயிற்று.

இருபத்தைந்தாவது நிமிஷத்தில் அவர் கை தானாக ரிமோட்டை நோக்கிப் போனது.

"என்னங்க," என்றாள் மனைவி மெதுவாக. "நாற்பத்திரண்டு."

கை திரும்பி வந்தது. அவருக்குத் தெரியாத படம் தொடங்கியது.

காலை ஏழு மணி. மிருகங்கள் எல்லாம் வந்தாயிற்று. ஆமையாரைக் காணோம். கேமரா காட்டைச் சுற்றி வந்து ஒரு சேற்றுப் பள்ளத்தில் இறங்கியது. மாஸ்டரின் வலது கால் இல்லாத பிரேக்கை அழுத்தியது. பிடிக்கவில்லை. பள்ளத்துக்குள் ஆமையார் மல்லாந்து கிடந்தார். நாலு காலும் ஆகாயத்தில். கண்ணாடி ஒரு பக்கம், மரியாதை ஒரு பக்கம்.

ஆமையாரின் மனைவி வந்தாள். புரட்டிப் போடு என்று கெஞ்சினார் ஆமையார். ஒரு குடை வாங்கித் தரச் சொல்லி ஆறு மாதமாகக் கேட்கிறேனே என்றாள் அவள். முதுகிலேயே ஓடு இருக்கும்போது ஆமைக்குக் குடை எதற்கு என்றார் அவர், மல்லாந்தபடியே.

ஆமையின் மனைவி பள்ளத்து ஓரத்தில் வசதியாக உட்கார்ந்தாள். "சரிங்க" என்றாள்.

சர்க்குலர் சோபா பக்கம் திரும்பி மனைவியைப் பார்த்தார். அந்தச் 'சரிங்க' அவருக்குத் தெரியும். ஒன்பது வருஷமாகத் தெரியும். அதே இழுப்பு, அதே பணிவு, கடைசியில் அதே சின்ன மூச்சு. பால்கனி கண்ணில் ஓடியது. சாப்பாட்டு மேஜை ஓடியது.

குடைக்குச் சம்மதம் கிடைத்தது. ஆமையார் புரட்டப்பட்டார். மிருகங்கள் கூடி நின்று பாடின: 'எந்த ஆமை, எந்த ஆமை? இந்த ஆமை அறியாமை!' திரையில் மட்டும் பாடவில்லை, சோபாவிலும் பாட்டுக் கேட்டது. மனைவி ஒரு வார்த்தை பிசகாமல், ராகத்தோடு, கூடவே பாடிக்கொண்டிருந்தாள்.

வாலுவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டது.

இந்த ஒரு வாரம்தான் ஏதோ கோளாறு என்று சர்க்குலர் அடுத்ததைப் போட்டார். பொய் சொல்லாமை. ஆமையார் மல்லாந்தார். அடுத்தது, எதிர்த்துப் பேசாமை. மல்லாந்தார். ஐந்தாவதில் மாஸ்டர், பயிற்சிக்கு ஆள் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு மாடியேறிவிட்டார்.

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?" என்றார் சர்க்குலர்.

"ஊருக்கே தெரியும்ங்க. கடைசி அஞ்சு நிமிஷத்துக்குத்தான் எல்லாரும் பார்த்தாங்க."

"அன்னிக்குக் காப்பிக் கடையில சொல்லியிருக்கலாமே."

"நீங்க ஜோக் அடிக்கிறீங்கன்னு நினைச்சேன். என்ன தமாஷான மனுஷன், இவரோட காலமெல்லாம் சிரிச்சுக்கிட்டே இருக்கலாம்னு நினைச்சேன்." கொஞ்சம் யோசித்தாள். "அது ஒண்ணும் தப்பாப் போகல."

சர்க்குலர் நாற்காலியில் உட்கார்ந்தார். உண்மையில் அவருக்கு அழுகை வரப் பார்த்தது. முப்பது வருஷமாக ஒருத்தர் காட்டிய வழியில் நடந்துவிட்டு, அந்த ஒருத்தர் பள்ளத்தில் கிடந்தார் என்று தெரிந்தால் யாருக்குத்தான் வராது? வாலு விக்கலோடு வந்து அவர் மடியில் ஏறிக்கொண்டாள்.

"அப்பா, ஆமையார் ரொம்ப நல்லவருப்பா. ஒவ்வொரு தடவையும் கவுந்துடறாரு. ஆனா அடுத்த வாரம் கண்ணாடியத் தொடச்சுக்கிட்டு மறுபடி வந்துடறாரு." அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "எனக்கு அவரை ரொம்பப் புடிச்சிருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிடித்துப்போவதும் மரியாதைதான் என்று நாற்பத்திரண்டாம் எண்ணைக் காட்டி வாதாடியிருக்கலாம். வாதாடி ஜெயித்தால் டிராயிங் கிளாஸை நிறுத்த வேண்டி வரும் என்று தோன்றியது. தோற்றதாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் காலை ஃபிரிட்ஜ் வெள்ளையாக இருந்தது. நாற்பத்திரண்டும் போய், ஒரே ஒரு காகிதம். கண்ணாடி போட்ட ஆமை ஒன்று மல்லாந்து கிடந்தது. கீழே வாலுவின் கையெழுத்து: 'சுற்றறிக்கை எண் 1. இன்றைய ஆமை: முழுசாப் பார்காமை.' அதற்குக் கீழே, 'சம்மதம்' என்று ஒரு கட்டம்.

ஒற்றெழுத்து விட்டுப்போனதை சர்க்குலரால் பொறுக்க முடியவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து 'க்' போட்டார்.

"அப்படியே கையெழுத்தும் போட்டுடுங்க," என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து. "குழந்தை ஆசைப்படுது."

குழந்தையின் ஆசையைக் கெடுப்பானேன் என்று, கட்டத்துக்குள் தேதியோடு கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும்போதுதான் காகிதத்தின் அடி மடிந்து காந்தத்துக்குப் பின்னால் செருகப்பட்டிருப்பது கண்ணில் பட்டது. எடுத்து விரித்தார்.

'வரும் சனிக்கிழமை டிராயிங் கிளாஸில் பார்த்து வரைவதற்கு ஒரு ஆமை தேவை. அப்பா முதுகில் துணிக்கூடையைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் மல்லாந்து படுப்பார்.'

"இது முடியாது" என்றார் சர்க்குலர்.

அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

"சரிங்க."