காலனிப் பூங்காவின் பன்னிரண்டு வெள்ளைத் தொட்டிகள்

“புல்லு மொளைக்க வைக்கறதுக்கு எஸ்.எஸ்.எல்.சி. எதுக்கும்மா?” என்று அலமேலு அக்கா கேட்டபோதே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் கையெழுத்துப் போட்டவள் நான். (அதுவும் இங்கிலீஷில், வால் வைத்து.) அப்படிப்பட்டவளுக்கு யோசனை எதற்கு?

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் காலனியின் நடுவில், ‘பூங்கா’ என்ற பலகையோடு ஒரு தரிசு கிடந்தது. பலகைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குக் கருவேல முள். பத்து நாளில் அதிகாரி பார்வையிட வருகிறார், பூங்கா இல்லையென்றால் இடம் விறகுக் கிடங்குக்குப் போய்விடும் என்று சேதி வந்தது. அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோற்றைக்கூட நின்றுகொண்டே தின்றேன். இரண்டே நாளில் ஆள் திரட்டி முள்ளை வெட்டித் தீர்த்தேன்.

“முள்ளு பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போவட்டுமே,” என்றார் அலமேலு அக்கா. பூங்காவை ஒட்டிய வரிசையில் அவர் வீடு.

“பூங்காவுல முள்ளு எதுக்குக்கா?”

ஏதோ சொல்ல வாயெடுத்தவர், ஆண்கள் நிற்பதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்தது பூத்தொட்டி. ஒரு பீங்கான் கம்பெனியின் பின்பக்கம், கீறல் விட்டதால் கழித்துப்போட்ட வெள்ளைத் தொட்டிகள் குவிந்து கிடந்தன. நீளமாக, பளபளவென்று. அடியில் ஓட்டை! தொட்டியில் தண்ணீர் தேங்கக் கூடாது என்று நான்தான் புத்தகத்தில் படித்திருக்கிறேனே. பன்னிரண்டைக் கேட்டு வாங்கினேன். ஏற்றிவந்த மாட்டுவண்டிக்காரர், “இம்மாம் எதுக்குங்க?” என்றார்.

“பூச்செடி வைக்க.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “படிச்சவங்க. சரியாத்தான் இருக்கும்.”

அதிகாரி வந்தார். பூவோடு பெயர்த்து நட்ட காசித்தும்பை இரண்டு வரிசையாக நின்றது. முதல் தொட்டியருகே நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

“இது என்னம்மா?”

பாடம் ஒப்பித்தேன். “தண்ணி வடிய ஓட்டை இருக்குதுங்க சார். ரெண்டு பக்கமும் இந்த மேடு, தண்ணி ஊத்தறவங்க கால் வெச்சு நிக்கறதுக்கு.” சொன்னதோடு விட்டேனா? தாவணியை இழுத்துச் செருகி, கையில் சொம்போடு, இரண்டு மேட்டிலும் ஏறி நின்று காட்டினேன்.

காலனியே திரண்டு நின்று பார்த்தது. பிறகு அலமேலு அக்காவின் குரல்: “அப்பிடியே குந்தும்மா, எதுக்குன்னு தெரிஞ்சுடும்!”

அது கக்கூஸ் பேசின். (நான் எங்கே கண்டேன்? பள்ளிக்குப் பின்னால் தோப்பு. எங்கள் வரிசைக்கு மணிமுத்தாற்றங்கரை.) சிரிப்பு வெடித்தது. அதிகாரி மரியாதைக்காக இருமினார். இருமல் நிற்கவே இல்லை.

எல்லோரும் சிரித்து ஓய்ந்தபின் அலமேலு அக்கா முன்னால் வந்தார். அவர் சிரிக்கவில்லை. “சார், எங்க வரிசைப் பொம்பளைங்க விடியறதுக்குள்ள அந்த முள்ளு மறைவுக்குத்தான் போவோம். பாப்பா வெட்டிப்புடுச்சு. ஒரு வாரமா ரயில் ரோட்டத் தாண்டிப் போறோம். பேசின்ல பூ வெச்சிருக்குது. நாங்க எங்க போறது?”

அந்த வரிசை எங்கே போகிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. தொட்டியிலிருந்து இறங்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

“பூங்கா இருக்கட்டும். மத்தத எழுதிக் குடுங்க,” என்று சொல்லிவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார்.

வீட்டில் அம்மாவிடம் பாய்ந்தேன். பீங்கான் கம்பெனியில் களிமண் பிசைகிறவள், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

“நீ படிச்சவ. தெரிஞ்சுதான் ஏதோ செய்யறேன்னு நெனச்சண்டி.”

மனுமேல் மனு எழுதி, பூங்கா ஓரத்தில் பெண்களுக்கு நான்கு கக்கூஸ் வர வைத்தேன். கீறல் குறைவான நான்கு தொட்டிகள் தம் சொந்த வேலைக்குத் திரும்பின. மற்ற எட்டில் இன்னும் காசித்தும்பைதான். வீட்டுக்குப் புதிதாகக் குடம் வாங்கினாலும் அம்மா குனிந்து பார்க்கிறாள்: “அடியில ஓட்டை இருக்குதா பாரு. இருந்தா இவ செடி வெச்சுடுவா.”

இப்போது பக்கத்துக் காலனிக்காரர்கள் முள் மண்டிக் கிடக்கும் தங்கள் பூங்காவைச் சீர்செய்ய என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நேற்றே போய்விட்டேன். அரிவாள் எடுத்துப் போகவில்லை. அலமேலு அக்காவைத்தான் கூட்டிப்போனேன். ஆண்கள் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து முதல் வீட்டில் உட்கார்ந்து, முள்ளைப் பற்றிக் கேட்டோம்.