பூட்டுச் செருப்பு

கெடிலத்துப் பாலத்தின் நடுவில் பூவராகனின் வலது செருப்பு கழன்று விழுந்தது. பின்னால் வந்த டவுன் பஸ் அதன் மேல் ஏறிப் போனது. போனது செருப்பு மட்டும்தான், கால் பெடலிலேயே இருக்கிறது என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சைக்கிளை ஓரமாக நிறுத்தி, விரல்களை எண்ணிப் பார்த்தார். எல்லாம் இருந்தன.

பூவராகன் பயந்த சுபாவம். அதைக் குறையாகச் சொல்லவில்லை, அவர் பார்க்கிற வேலை அப்படி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் விபத்துக் கிளெய்ம்களைப் படித்து ஃபைல் கட்டுவது. யார் எங்கே விழுந்தார், எந்த எலும்பு போனது என்று இத்தனை வருஷமாகப் படிக்கிற மனுஷன் பயப்படாமல் வேறென்ன செய்வார்? லிஃப்டில் ஏறமாட்டார். வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்றினால் தெருமுனைக்குப் போய் நின்றுகொள்வார். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்கவே மாட்டார். எடுத்தால் பேங்க்கில் இருப்பதெல்லாம் போய்விடும் என்று யாரோ வாட்ஸப்பில் போட்டிருந்தார்கள்.

அப்படிப்பட்டவர் சைக்கிளில் ஏறியதற்குக் காரணம் சுகர். முதுநகர் வீட்டிலிருந்து ஆபீசுக்குச் சைக்கிளில் போகச் சொன்னார் டாக்டர். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒரு காதுகுத்து விசேஷத்தில், சிதம்பரத்திலிருந்து வந்திருந்த மைத்துனன் தில்லைநாதன் சும்மா இருக்காமல், எல்லார் முன்னாலும், "மாமா சைக்கிள்ல முதுநகரத் தாண்டினா நான் மீசைய எடுத்துடறேன்" என்றான்.

பந்தியே சிரித்தது. பூவராகனும் கூடச் சேர்ந்து சிரித்தார், பழகிப்போன விஷயம்தானே. சிரிக்காதவள் மகள் இலக்கியா ஒருத்திதான். நாற்பது கிலோமீட்டர் தள்ளி, சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவள். சாப்பிட்ட கையோடு எழுந்து, "எங்கப்பா சிதம்பரத்துக்கே சைக்கிள்ல வருவாரு மாமா, நீங்க கத்தரிக்கோல ரெடியா வையுங்க" என்று சொல்லிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து நாளும் குறித்துவிட்டாள். ஹாஸ்டல் தோழிகளிடமும் சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து பூவராகனுக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்காக முதன்முதலாக ஒருத்தி எழுந்து நின்று பேசியிருக்கிறாள். அவள் முகம் தொங்கிப் போகக் கூடாது. லாரிப் பயத்தை விட அந்தப் பயம் பெரிதாக இருந்தது.

செருப்பு போன அன்று சாயங்காலமே திருப்பாப்புலியூரில் சுப்புராயனின் சைக்கிள் கடைக்கு வெறுங்காலோடு போனார். ஷூ காட்டச் சொன்னார். சுப்புராயன் கையை விரித்துவிட்டார். கடலூர் வெயிலுக்கு ஷூவுக்குள் கால் வெந்துவிடும், மழையில் நனைந்தால் காயவே காயாது, அதை ஆபீசில் கழற்றி வைத்தால் பக்கத்து சீட்டுக்காரர் லீவு போட்டுவிடுவார் என்றார். சரி, சாதா சாண்டல்? அதன் அடி வளையும், ஆலப்பாக்கம் போவதற்குள் பாதம் மரத்துவிடும் என்றார். கடைசியில் மேல் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். விரலை மூடிய முன்பக்கம், ஒட்டிப் பிரிக்கிற மூன்று பட்டை, பலகை மாதிரி அடி. ஆபீசுக்கும் ஆகும், தூரம் போகவும் ஆகும்.

பூவராகன் போட்டு நடந்து பார்த்தார். எங்கேயும் கடிக்கவில்லை, எங்கேயும் தொளதொளக்கவில்லை. தன் காலைக் கேட்டுச் செய்த மாதிரி இருந்தது அவருக்கு. அப்படியே வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் பயந்தவர்களுக்குக் கடைசியாக ஒரு கேள்வி கேட்காவிட்டால் தூக்கம் வராது.

"இது பெடல்லேருந்து வழுக்காதில்ல?"

"வழுக்கவே வழுக்காத மாதிரி பண்ணிடலாம்ணே. அடியில இந்த ரப்பர் மூடியத் தொறந்து இரும்புக் கொக்கி மாட்டிடுவேன், பெடலையும் மாத்திடுவேன். கால வச்சா பூட்டிக்கும். எடுக்கணும்னா குதிகால வெளிப்பக்கம் திருப்பணும். மேல மட்டும் இழுத்துடாதீங்க, முட்டி போயிடும்."

முட்டி போன கிளெய்ம்கள் எத்தனையோ கண்முன்னே வந்தன. ஆனால் கால் வழுக்கி லாரிக்கு அடியில் போன கிளெய்ம்கள் அதை விட ஜாஸ்தி. சரி என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பணத்தைக் கட்டி, பில்லில் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டு, எதிர்க்கடையில் டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது கடையில் ஒரே கூட்டம். சைக்கிள் வெளியே நின்றது, செருப்புப் பெட்டி கேரியரில் இருந்தது. சுப்புராயன் போனில் பேசியபடியே இவரைப் பார்த்துக் கையை ஆட்டினார். இவரும் கையை ஆட்டிவிட்டு, இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டுமே என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய்விட்டார்.

மறுநாள் காலை செருப்பை மாட்டி, சாமி கும்பிட்டு, பெடலில் கால் வைத்தார். சைக்கிளில் எங்கேயோ 'டக்' என்றது. பூட்டிக்கொண்டுவிட்டது. பூவராகனுக்கு முதுகில் வேர்த்தது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. பிரேக் பிடித்தார், சைக்கிள் நின்றது. குதிகாலை எந்தப் பக்கம் திருப்பச் சொன்னார், உள்ளேயா வெளியேயா? மறந்துபோயிற்று. இழுத்துப் பார்க்கலாமா? முட்டி. அவர் யோசித்து முடிப்பதற்குள் சைக்கிள் மெதுவாக, யாருக்கும் அவசரமில்லாத மாதிரி, பக்கத்தில் மீன் கூடையோடு நின்ற ராசம்மாள் மேல் சாய்ந்தது. சங்கரா மீனெல்லாம் தண்டவாளம் பக்கம் ஓடிற்று.

"கால ஊனக்கூடாதாய்யா?"

"கால் வராதும்மா. பூட்டியிருக்கு."

ராசம்மாள் கீழே கிடந்த அவர் காலைப் பார்த்தாள், அப்புறம் முகத்தைப் பார்த்தாள். திட்டுவதை நிறுத்திவிட்டு, கிட்டே குனிந்து மோந்து பார்த்தாள். சாராய வாசனை ஒன்றும் வராததுதான் அவளுக்கு ஆச்சரியம். விழுந்த வேகத்தில் கால் தானாகக் கழன்றது ஆண்டவன் செயல் என்று பூவராகன் நினைத்துக்கொண்டார்.

அடுத்த நாளிலிருந்து கேட் இல்லாத சுற்றுவழியில் போனார். அந்த வழி முழுக்க நாய். நாய் துரத்தினால் அசையாமல் நிற்க வேண்டும் என்பார்கள். நிற்க முடிந்தால் இவர் ஏன் அந்த வழிக்கு வருகிறார்? நாய்கள் தினமும் அவரை மஞ்சக்குப்பம் வரை கொண்டுவந்து விட்டன. ஆபீஸ் வாசலில் வாட்ச்மேனிடம் கெஞ்சி, தினமும் சைக்கிளைப் பிடிக்க ஏற்பாடு செய்தார். வாட்ச்மேன் பிடித்துக்கொள்வார், இவர் சுவரைப் பற்றிக்கொண்டு குதிகாலைத் திருகோ திருகென்று திருகுவார். ஒரு வழியாகக் கால் வரும்.

வீட்டில் அந்த வேலை மனைவி புஷ்பவள்ளிக்கு. ஒருநாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் திருகுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், "சட்டுனு காலத் தூக்குங்களேன்" என்றாள்.

"தூக்கக் கூடாதுடி. முட்டி கழண்டுக்கும்."

எதற்கும் அடியில் அந்த இரும்பு எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்கலாமே என்றும் கேட்டாள். கேட்ட வாயாலேயே, செருப்பைக் கவிழ்த்தால் வீட்டில் சண்டை வரும், வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். ஏற்கனவே போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கிறது என்று பூவராகனும் விட்டுவிட்டார். வாசலில் அந்தச் செருப்பு எப்போதும் நேராகவே இருந்தது.

இதற்கு நடுவில் ஒரு தெரியாத நம்பர் வேறு தினமும் அவரை அழைக்க ஆரம்பித்தது. காலையில் அடிக்கும், மதியம் அடிக்கும். தன் பேங்க் கணக்கு யாருக்கோ தெரிந்துவிட்டது என்று முடிவு செய்து, ஏ.டி.எம். கார்டை அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை நெருங்க நெருங்க, ஜுரம் என்று சொல்லிவிடலாமா என்ற யோசனை வந்தது. அதற்கும் வழியில்லாமல் போயிற்று. ஒருநாள் வாட்ச்மேன் டீ குடிக்கப் போன நேரத்தில் இவர் வந்து சேர்ந்தார். பிடிக்க ஆளில்லை. ஆபீஸ் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். சிதம்பரம் விஷயம் வாட்ச்மேன் மூலம் ஆபீசுக்கே தெரிந்திருந்தது. மேனேஜர் லோகநாயகி ஜன்னல் வழியாகப் பார்த்தார். வேலை நேரத்துக்கு முன்னாலேயே வந்து இப்படி உழைக்கிறாரே என்று அந்த அம்மாவுக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. படம் பிடித்து, சிதம்பரம் பயணத்துக்குத் தயாராகும் நம்ம பூவராகன் என்று குரூப்பில் போட்டார். அது சுற்றிச் சுற்றி ராத்திரிக்குள் தில்லைநாதனுக்கே போய்ச் சேர்ந்தது. இனி ஜுரம் வந்தாலும் போயாக வேண்டும்.

ஞாயிறு விடிந்தது. புஷ்பவள்ளியை முதல் பஸ்ஸிலேயே சிதம்பரம் அனுப்பினார். கீழ வீதியில் நிற்க வேண்டும், வந்ததும் பிடித்துக்கொள்ள வேண்டும், பூட்டு விஷயம் யாருக்கும் தெரியக் கூடாது. பூட்டுக்கே பயப்படுகிறவர் என்று தெரிந்தால் தில்லைநாதன் அடுத்த பத்து காதுகுத்துக்கும் அதையே சொல்லிச் சிரிப்பான். பிள்ளைக்கு அவமானம்.

ஊருக்கு வெளியே இருந்த கம்பெனிகளை எல்லாம் தாண்டி, நாலுவழிச் சாலையில் ஏறியதும் பயம் முழுசாக வந்து உட்கார்ந்துகொண்டது. பின்னால் லாரி ஹாரன் கேட்டால் கண்ணை மூடத் தோன்றும், மூடினால் பள்ளம். ஆலப்பாக்கத்தில் தாகம் எடுத்தது. கடைகள் தண்ணீர் பாட்டில்களை வரிசையாகத் தொங்கவிட்டு அவரைப் பார்த்தன. நிற்க முடியாது. புதுச்சத்திரத்தில் டீ வாசனை வந்தது. நிற்க முடியாது. பட்டையைப் பிரித்துக் காலை உருவிவிடலாமா என்று ஓட்டிக்கொண்டே குனிந்தார். சைக்கிள் நெளிந்தது, ஒரு மீன் வண்டிக்காரன் அவர் குடும்பத்தையே விசாரித்துவிட்டுப் போனான். நிமிர்ந்தவர் அப்புறம் குனியவில்லை. தன் கிளெய்மைத் தானே மனசுக்குள் எழுதிப் பார்த்தார். நாமினி புஷ்பவள்ளி. கண் கலங்கியது.

பாக்கெட்டில் போன் அடித்தது. விட்டு விட்டு, பு.முட்லூர் வரை அடித்தது. அதே நம்பராகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கூட லீவு கிடையாதா இந்தத் திருட்டுப் பயல்களுக்கு என்று மனசுக்குள் திட்டினார். வெள்ளாற்றுப் பாலத்தில் காற்று ஒரு பக்கமாகத் தள்ளியது. இதோடு முடிந்தது என்று நினைத்தார், முடியவில்லை. பாலம்தான் முடிந்தது.

சிதம்பரம் கீழ வீதியில் திரும்பியபோது பார்த்தார். இலக்கியா நின்றாள், தோழிகள் நின்றார்கள், கையில் மாலை. தில்லைநாதன் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றான். அவர்களுக்கு நடுவில் புஷ்பவள்ளி கையை நீட்டித் தயாராக இருந்தாள். பூவராகனுக்கு உயிர் வந்தது. நேராக அவளைப் பார்த்து ஓட்டினார்.

அவர் கிட்டே வந்ததும் பெண்கள் கை தட்டி, மரியாதையாக வழிவிட்டு விலகினார்கள். விலகிய வேகத்தில் புஷ்பவள்ளியையும் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பூவராகன் எல்லாரையும் கடந்து போனார்.

வேறென்ன செய்வது? தெற்கு வீதியில் திரும்பினார். மேல வீதி, வடக்கு வீதி, மறுபடி கீழ வீதி. தேர் போகிற வழியெல்லாம் சுற்றிக்கொண்டு வந்தார். இரண்டாவது தடவை வரும்போது புஷ்பவள்ளி மாலைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு நின்றாள். பூக்கடை தில்லையம்மாள் இவர் முகத்தையும் வேர்வையையும் கலங்கிய கண்ணையும் பார்த்துவிட்டு, ஏதோ பெரிய வேண்டுதல் போலிருக்கிறது, பாவம் என்று ஒரு கை பூவை அள்ளி மேலே போட்டாள். யாரோ ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். ஒரு வீட்டில் குடத்தோடு வந்து ரோட்டில் தண்ணீர் ஊற்றினார்கள். அந்தத் தண்ணீரில் வழுக்கிவிடுமோ என்று புதுசாக ஒரு பயம் சேர்ந்தது.

மூன்றாவது சுற்றில் மானத்தைப் பார்க்கவில்லை. "புஷ்பா, புடிடி" என்றார்.

அவள் ஓடிவந்து கேரியரைப் பிடித்தாள். அப்படியும் சைக்கிள் அவளை இழுத்துக்கொண்டு போயிற்று. தில்லைநாதன்தான் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிற மாதிரி முன்னால் பாய்ந்து ஹேண்டில்பாரை மறித்தான். சைக்கிள் நின்றது. பூவராகன் மட்டும் இறங்காமல் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

"நடுவுல எங்கயும் நிக்கலியா மாமா?" தில்லைநாதனுக்குக் குரலே மாறியிருந்தது.

"நிக்கல மச்சான்."

"டீக்குக் கூடவா?"

"எதுக்கும் நிக்கல."

தில்லைநாதன் மீசையை ஒருமுறை தடவிப் பார்த்தான், ஊருக்குப் போகிறவனை வழியனுப்புகிற மாதிரி. அவ்வளவு தூரம் வந்துவிட்டு மூன்று வீதி சுற்று வேறு சுற்றியிருக்கிறார் மனுஷன், தன்னால் முடியாது என்று எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டான். இலக்கியா மாலையைப் போட்டுவிட்டு, தோழிகள் பக்கம் திரும்பி, "சொன்னேன்ல" என்றாள். தோழிகளையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள். இந்த ஒரு முகத்துக்காக இன்னொரு தடவை கூட வரலாம் என்று பூவராகனுக்குத் தோன்றியது. தோன்றியதும் பயமாகவும் இருந்தது. மாலைக்குக் கீழே, யாருக்கும் தெரியாமல், குதிகாலைத் திருகிக்கொண்டிருந்தார்.

பாக்கெட்டில் போன் மறுபடி அடித்தது.

"எடுக்காதம்மா, தெரியாத நம்பர்" என்றார்.

"இவ்ளோ பெரிய ரோட்டுல நிக்காம வந்துட்டு, இதுக்குப் போயா பயப்படுவீங்க?" என்று இலக்கியா போனை உருவி, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணே, சைக்கிள் கடை சுப்புராயன் பேசறேன். எத்தன நாளா அடிக்கறேன், எடுக்கவே மாட்றீங்க. அன்னைக்கு இருங்க இருங்கன்னு கைய காட்டறேன், நீங்க பாட்டுக்கு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டீங்க. அந்தப் பூட்டும் பெடலும் இன்னும் என் கல்லாவுலயேதான் கெடக்கு, எப்ப வந்து மாட்டிக்கிறீங்க?"