அந்தக் குழாய்க்குக் கையெழுத்துப் போடாதே, அக்கா

நால்ட்வைக்,
மார்ச் 11

பெருமதிப்புக்குரிய மூத்த சகோதரி விலெமின் அவர்களுக்கு, தம்பி ரோகுஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் துணைவி மார்த்யேவும் இரண்டு ஹெக்டேர் குடமிளகாயும் நலம். ஸீலாந்தில் தாங்களும் அத்தானும் நலமாயிருப்பீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பா நம் இருவர் பேரிலும் எழுதிவைத்த பசுங்குடில் என்பதால் உனக்கும் ஒரு படிவம் வந்திருக்கும். பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஆறு பேர் சேர்ந்து பூமிக்கடியில் இரண்டு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து வெந்நீர் எடுத்து எல்லாருடைய கண்ணாடிக்கூரைக்குக் கீழேயும் ஓடவிடப் போகிறார்களாம். கேஸ் பாய்லரை அணைத்துவிடலாமாம். குழாய் நம் நிலத்தின் வழியாகத்தான் போயாக வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் நாம் இருவரும் சம்மதிக்காவிட்டால் திட்டமே நின்றுபோகுமாம். நிற்கட்டும், நீ போடாதே. முப்பத்தொரு வருஷமாகக் கேஸில்தான் மிளகாய் வளர்க்கிறேன். குளிருகிறது என்று ஒரு செடியும் என்னிடம் புகார் சொன்னதில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் இக்ராம் என்கிற பெண். ரோட்டர்டாம்காரி, தோட்டக்கலைக் கல்லூரியில் கடைசி வருஷம். பசுங்குடில்கள் கேஸை விட்டு மாறுவது எப்படி என்று ஆராய்ச்சி செய்ய இடம் கேட்டாள். மார்த்யே என்னைக் கேட்காமலே சரி என்றுவிட்டாள். வந்த முதல் நாளே துணி காயப்போடுகிற மாதிரி வரிசைக்கு வரிசை சென்சார் தொங்கவிட்டு, "சார், உங்க கூரை வழியா சூடெல்லாம் வெளியே போகுது"ன்னா. "உள்ளே எவ்வளவு சூடுன்னு என் மூக்கே சொல்லிடும்மா"ன்னேன். "இப்ப எவ்வளவு சொல்லுது சார்?"ன்னா. பத்தொன்பதரைன்னேன். சென்சார் பதினேழு காட்டிச்சு. புதுச் சென்சார் அக்கா, இடம் பழகணுமில்ல!

போன மாசம் தோட்டக்காரர்கள் கூட்டத்துல வெப்பம் காட்டுற கேமராவால ஆகாயத்துலேர்ந்து எடுத்த படத்தைத் திரையில போட்டா. அத்தனை பேர் கூரையும் நீலமா இருக்கு, ஒரே ஒரு கூரை மட்டும் அடுப்பு மாதிரி சிவப்பு. அதுமேல முப்பது நாப்பது கடற்காகம் சொகுசா உட்கார்ந்திருக்கு. பேர் எதுவும் சொல்லலை பாவம். ஆனா பின்வரிசையிலேர்ந்து அந்த வெள்ளரிக்காய் டேயுன், "ரோகுஸ், ஒரு காகத்துக்கு வாடகை எவ்வளவுப்பா?"ன்னு கத்தினான். கூட்டமே சிரிச்சுது. நான் அசரலையே! "பறவைகளுக்கு நல்ல இடம் தெரியும்"னு சொல்லிட்டு காபி எடுக்கப் போயிட்டேன்.

அவ சொன்னது பொய்னு காட்டணுமேன்னு சனிக்கிழமை தூக்குவண்டியில ஏறி, அஞ்சு மீட்டர் உசரத்துல, சூடு வெளியே போகாம கூரைக்குக் கீழே இழுத்து மூடுற வெப்பத்திரையை நானே பார்த்தேன். கடைசி வரைக்கும் மூடாம ஒரு சாண் இடைவெளி, வரிசை நீளத்துக்கும். அது காற்றோட்டம். இறங்கலாம்னு பொத்தானை அழுத்தினா வண்டி அசையலை. பேட்டரி தீர்ந்துபோச்சு. வேலைக்காரங்க எல்லாம் வீட்டுக்குப் போயாச்சு, என் போன் கீழே, மார்த்யே வீட்டுக்குள்ள ரேடியோவைச் சத்தமா வெச்சிருக்கா. ஒன்றரை மணி நேரம் கத்தினேன். அப்புறம்தான் மூளை வேலை செஞ்சுது. பக்கத்துல தொங்கின சென்சாரை எடுத்து அக்குளில் வெச்சு இறுக்கிக்கிட்டேன். ரோட்டர்டாமில் கணினி முன்னால இருந்த இக்ராம் உடனே மார்த்யேவுக்குப் போன் போட்டு, "மேடம், பதினேழாவது வரிசையில என்னவோ ஒண்ணு முப்பத்தாறு டிகிரியில இருக்கு!"ன்னாளாம். "வேற என்ன, எங்க வீட்டுக்காரராத்தான் இருக்கும்"னு மார்த்யே வந்து, அடியில இருந்த சிவப்புக் குமிழைத் திருகி என்னை இறக்கினா. யோசிச்சுப் பாரு. அந்த யோசனை யாருக்கு வந்துச்சு? எனக்கு! ஆக, அந்தச் சென்சாருக்கே என்னாலதான் ஒரு உபயோகம் கிடைச்சுது.

எனவே என் முடிவில் மாற்றமில்லை. உன் ரோஜாக்களைப் பூச்சி அண்டாதிருக்கவும், பேரப்பிள்ளைகள் பரீட்சையில் தேறவும், அத்தானுக்கு மீன் சிக்கவும் மார்த்யேவும் நானும் மனமார வேண்டுகிறோம்.

என்றும் உறுதி குலையாத உன் தம்பி,
ரோகுஸ்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். இக்ராம் விடைபெற வந்திருந்தாள். காபி குடிக்கும்போது, "ஊரில் வேற ஆராய்ச்சியே கிடைக்கலையாம்மா உனக்கு?" என்று சும்மா கேட்டேன். "எங்கப்பா பத்தொன்பது வருஷம் தக்காளி பறிச்ச பசுங்குடிலை, கேஸ் விலை ஏறின குளிர்காலத்துல மூடிட்டாங்க சார். அப்பாவோட சேர்த்து இருபத்தாறு பேருக்கு வேலை போச்சு. முதலாளி ரொம்ப நல்லவரு. உங்களை மாதிரியே உறுதியா இருந்தாரு" என்றாள். குத்திக் காட்டவில்லை அக்கா, பாராட்டாகத்தான் சொன்னாள். அவள் போன பிறகு நம் பதினான்கு வேலையாட்களின் பெயர்களையும் மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். என் படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டேன். மேலே உள்ளதை அத்தானுக்குப் படித்துக் காட்டாதே. வெள்ளிக்கிழமைக்குள் நீயும் போட்டுவிடு.