கண்ணை மூடிச் செய்தி வாசிப்பவர்

சபைக்கு வருகிறவர்களில் பல இனம் உண்டு. பிரசங்கத்தில் தூங்குகிறவர், கடிகாரத்தையே பார்க்கிறவர், பாட்டு என்ற பெயரில் பக்கத்தில் இருப்பவர் காதைக் கிழிக்கிறவர். இவர்களால் யாருக்கும் பெரிய கெடுதல் இல்லை. இங்கே சொல்லவந்த இனம் வேறு. கண்ணை மூடிக்கொண்டு செய்தி வாசிக்கிற இனம்.

நம்மவர் குடிநீர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். அவருடைய வேதாகமத்துக்குத் தோலுறை, தோலுறைக்கு ஜிப், ஜிப்பில் தொங்க ஒரு சின்னச் சிலுவை. புறணி பேசவே மாட்டார்; அது பாவம். ஆனால் தையல்கடைக்காரர் மகன் மறுபடியும் குடிக்க ஆரம்பித்திருப்பதையும், மாடிவீட்டுத் தம்பதி ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாததையும், பாடகர் குழுத் தலைவிக்கு வந்த வரன் எதனால் தட்டிப்போனது என்பதையும், இரண்டு கையையும் உயர்த்தி, குரல் தழுதழுக்க, ஆண்டவரிடம் விவரமாக முறையிடுவார். எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்பதும் அதில் வந்துவிடும். ஆண்டவர் வழி தெரியாமல் அலையக் கூடாதல்லவா?

சுற்றிலும் எல்லோருக்கும் கண் மூடியிருக்கும். காது?

யாராவது கேட்டால், "நான் மனுஷங்ககிட்ட வாயே திறக்கலையே, ஆண்டவர்கிட்டதானே சொன்னேன்" என்பார். நடிப்பு இல்லை. மனதார நம்பினார். அதுதான் தொல்லையே.

அவர் மனைவி கூட்டத்தில் வாய்விட்டு ஜெபித்ததே கிடையாது. "உனக்கு விசுவாசம் பத்தாது" என்று அவருக்கு வருத்தம். அவளுக்குச் சமையலறைதான் தோது. அதுவும் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் ஜெபிப்பாள். அடுத்த அறைக்குக் கேட்டுவிடக் கூடாதே!

அப்போது அவள் தங்கைக்கு மார்பில் ஒரு கட்டி. பரிசோதனைக்குக் கூடவே போய், மருத்துவமனை நடைபாதையில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அக்காதான். தங்கை கேட்டது ஒன்றே ஒன்று.

"என் பொண்ணுக்குப் பரீட்சை முடியிற வரைக்கும் தெரியவே கூடாதுக்கா."

கார் ஓட்டிப்போன வகையில் நம்மவருக்கும் விஷயம் தெரியும். "என் வாயிலேர்ந்து வருமா?" என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை அவர் வீட்டில் ஜெபக்கூட்டம். தங்கையும் மகளும் வந்திருந்தார்கள். கூடம் நிறைய ஆட்கள். நம்மவர் கண்ணை மூடினார், கை உயர்ந்தது.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே! ஒரு சகோதரிக்காகக் கேக்குறேன். பேரைச் சொல்ல விரும்பல ஆண்டவரே. என் மனைவியோட ஒரே தங்கச்சி. அந்தக் கட்டி புற்றுநோயா மட்டும்..."

"ஆமென்!"

சமையலறை வாசலிலிருந்து, அந்த வீடே அதுவரை கேட்டிராத சத்தத்தில், மனைவி. பழக்கதோஷத்தில் எல்லோரும் "ஆமென்" என்று கண்ணைத் திறந்துவிட்டார்கள்.

"ஜெபத்தை நடுவுல வெட்டலாமா?" என்று சீறினார் நம்மவர்.

தங்கை மகள் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"பெரியப்பா, ஆண்டவருக்கு இது ஏற்கெனவே தெரியாதா?"

"இல்லம்மா, நான் ஆண்டவர்கிட்டதானே..." அதற்குள் அந்தப் பெண் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்பத் தொடங்கிவிட்டாள். பாவம், திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை. மனைவி வந்தவர்களை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பி வந்து அந்த இருவருக்கும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அன்று யாருக்கும் தேநீர் கிடைக்கவில்லை.

நம்மவர் திருந்தினாரா? அடுத்த வெள்ளி வேறொரு வீட்டில் கூட்டம். ஜிப்பைச் சர்ரென்று இழுத்தார், கையை உயர்த்தினார்.

"ஆண்டவரே, என் மனைவிக்கு வந்திருக்கிற கோபத்தை நீங்கதான் எடுத்துப்போடணும். ஒரு வாரமா என்கூடப் பேசறதில்ல."

இதைப் படிக்கும்போது உங்கள் சபையில் ஒருவர் முகம் நினைவுக்கு வந்திருக்குமே? அவர் மனந்திரும்ப வேண்டும் என்று வரும் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் உருக்கமாக ஒரு ஜெபம் செய்தால் என்ன என்றும் தோன்றுகிறதா? செய்யுங்கள், தடையில்லை. அதற்கு முன் உங்கள் வீட்டுச் சமையலறையில் குழாய்ச் சத்தம் கேட்கிறதா என்று மட்டும் கொஞ்சம் கவனித்துவிடுங்கள்.