பிருந்தாவின் பலகை

பலாப்பழத்தை வெட்டி முடித்த பிறகுதான் குமரகுருபரன் கவனித்தார். பழம் தனியாக வந்துவிட்டது. பிசின் மட்டும் பலகையோடு தங்கிவிட்டது.

காய் நறுக்கும் பலகைதானே என்று விட முடியாது. கல்யாண நாளுக்கு அவர் பிருந்தாவுக்கு வாங்கிக் கொடுத்த தேக்குப் பலகை அது. இத்தனை வருஷத்தில் அவர் கொடுத்த பரிசுகளில் அவள் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டது அது ஒன்றைத்தான். கல்லிடைக்குறிச்சிக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தவள் சாயங்காலம் வந்துவிடுவாள்.

கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றினார். பிசின் அசையவில்லை, பலகைதான் அப்பளம் மாதிரி நெளிந்தது. நிமிர்த்தலாமென்று வெயிலில் போட்டு அம்மிக்குழவியைத் தூக்கி மேலே வைத்தார். டப்பென்று ஒரு விரிசல்.

நண்பர் தில்லைநாயகத்துக்குப் போன் போட்டார்.

"பிசினுக்கு எண்ணெயில்லா தேய்க்கணும்! வெந்நிய எதுக்குவே ஊத்துனீரு?"

"ஊத்தியாச்சு வே. இப்ப என்ன செய்ய?"

"உப்புத்தாள வச்சு பைய தேயும். பொறவு எண்ணெயப் போடும்."

'பைய' மட்டும் அவர் காதில் விழவில்லை. கல்லூரியில் உராய்வு விசை பற்றிப் பாடம் எடுத்தே ஓய்வு பெற்றவர், வேர்க்க வேர்க்கத் தேய்த்ததில் பலகை நடுவே ரசம் ஊற்றிக் குடிக்கிற அளவுக்குக் குழி விழுந்தது. குழியில் விளக்கெண்ணெய் தேங்கியது. அதை மறைக்க, கதவுக்கு அடித்து மீந்த வார்னிஷைப் பூசினார். எண்ணெய்மேல் வார்னிஷ் காயாது என்பது பூசிய பிறகு தெரிந்தது. துடைக்கப் போன துண்டும் ஒட்டிக்கொண்டது.

இனி உண்மையைச் சொல்வதுதான் பாக்கி. துண்டு தொங்கும் பலகையை ஏந்திக்கொண்டு கொல்லையில் ஒத்திகை பார்த்தார்.

"பிருந்தா, நான் ஒரு கூறுகெட்டவன்..."

"அதுக்கு ஏன் சத்தம் போட்டுச் சொல்லுதிய, அண்ணே?" பக்கத்து வீட்டுத் தஸ்லிமா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

ஒளிக்க வழியில்லை. நடந்ததையெல்லாம் கொட்டினார். "ஆசையா வாங்கிக் குடுத்தது தாயி. இந்தக் கோலத்தப் பாத்தா அவ மனசு ஒடஞ்சிரும்."

தஸ்லிமா பலகையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அடியில் இருந்த அடையாளத்தைக் கண்டதும் அவள் முகம் வாடியது.

"யா அல்லா! இது எங்க பலகைல்லா! நீங்க தேடிரக் கூடாதுன்னு மதினி எங்ககிட்ட இரவல் வாங்கி வச்சிருந்தாவ. உங்க பலகைய அவிய போன பொங்கலுக்கே அடுப்புல வச்சு எரிச்சாச்சே, அண்ணே!"