கெட்டிமேளத்துக்குத் திரும்பிய கேமரா

"இந்த ஆள நம்பிக் கல்யாணத்த ஒப்படைக்கலாமாத்தா?" என்று பெரியப்பா என்னிடம் கேட்டார். "தாராளமா" என்றேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியையும் முடித்துவிட்டேன். ரேஷன் அட்டையில் பெயர் திருத்துவது முதல் மாப்பிள்ளை காட்டும் சான்றிதழ் அசலா என்று பார்ப்பது வரை எங்கள் வீட்டில் என் சொல்தான் கடைசிச் சொல். அந்தப் பதவிக்காக நான் ஒரு நாளும் கூச்சப்பட்டதில்லை. அதனால் பெரியப்பா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஏனென்றால் மேளக் கச்சேரிக்கு நடுவில் வரும் இடைஞ்சல்தான் தாலி கட்டு என்று கருதிய கல்யாண வீடியோக்காரர், திண்டுக்கல் மாவட்டத்திலேயே டிவிடி அண்ணன் ஒருவர்தான்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடியில் அவருடைய ஸ்டுடியோ. எடிட்டிங் வேலைக்கு நான் அங்கே சேர்வதற்கு முன்பே அவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. கொடைக்கானலில் பங்களாவைக் காலி செய்து ஊருக்குப் போன வெள்ளைக்காரர் ஒருவரின் அட்டைப்பெட்டி, இங்கே பழைய சாமான் கடைக்கு வந்திருக்கிறது. உள்ளே நூற்றுக்கும் மேல் டிஸ்க். கல்யாணப் படம் பதிய உதவும், எல்லாம் வெற்று டிஸ்க் என்று நினைத்து அண்ணன் தூக்கி வந்துவிட்டார். சோதித்துப் பார்க்க ஒன்றைப் போட்டார். வழுக்கைத் தலை மனிதர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு சாக்ஸபோன் வாசித்தார். அன்றைக்குக் கடை திறந்தும் வியாபாரம் நடக்கவில்லை.

பெட்டி முழுக்க ஜாஸ் கச்சேரிகள். "ஜாஸ்னா என்னண்ணே?" என்று கேட்டேன்.

"நம்ம தவில்காரரு தனியா எடுத்து விளாசுவாருல்ல, எழுதி வச்சத வாசிக்காம, தோணுறத வாசிப்பாருல்ல? அதே கதைதான் பாப்பா. என்ன, இவுங்க கோட்டுப் போட்டிருக்காங்க."

ஊரே படத்தை போனில் பார்க்கும் காலத்தில் அவர் டிவிடி பிளேயர் முன்னால் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கச்சேரிப் படங்களுக்கு மார்க் போட்டார். டிரம்ஸ்காரர் உயிரைக் கொடுத்து அடிக்கும்போது கேமரா பார்வையாளர் பக்கம் திரும்பினால் முகம் சுண்டிவிடும். "டிக்கெட் வாங்கி உக்காந்திருக்கவன் மூஞ்சிய நான் எதுக்குப் பாக்கணும்?" மேடையில் புகை போட்டால் தள்ளுபடி. கேமரா காக்கை மாதிரி மேலே பறந்தால் தள்ளுபடி. ஒருவர் வாசிக்கும்போது, அடுத்து என்ன செய்யப்போகிறாரோ என்று பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார் அல்லவா, அந்தப் பார்வையைப் பிடித்திருந்தால்தான் அவருக்கு அது நல்ல படம்.

தேறாத டிஸ்குகள் எல்லாம் தாடிக்கொம்பில் அவர் மச்சானின் சோளக்காட்டுக்குப் போயின. உலகத்தின் மோசமான கச்சேரிப் படங்கள் அங்கே குருவி விரட்ட நூலில் தொங்கி, வெயிலில் மின்னிக்கொண்டிருக்கின்றன. "குருவிக்கு இது போதும்" என்பார்.

பாஸ்போர்ட் அளவு போட்டோ எடுக்க வந்தவர்கள்கூடத் தப்ப முடியாது. ஒரு பியானோக் கச்சேரி முடியும்வரை பெஞ்சில் உட்கார வேண்டும். வேலைக்கு மனுப் போட வந்த ஒருவர், கண் சொக்கிய நிலையில் போட்டோவில் விழுந்தார். அவருக்கு அந்த வேலை கிடைத்ததா என்று தெரியவில்லை.

ஒரு வரவேற்பில் கவுன்சிலர் குத்துவிளக்கைப் பரிசாக நீட்டிக்கொண்டு நின்றார். அண்ணனின் கேமரா இசைக்குழுவில் கீபோர்டு வாசித்தவரின் இடது கையில் இருந்தது.

"அண்ணே, கவுன்சிலரு."

"அவரு எங்கயும் போக மாட்டாரு பாப்பா. இந்தச் சங்கதி போயிரும்."

பாட்டு முடியும்வரை கவுன்சிலர் சிரித்தபடியே நின்றார். பழக்கப்பட்ட மனிதர்.

இத்தனையும் தெரிந்த நான் ஏன் பெரியப்பாவிடம் "தாராளமா" என்றேன்? அதுவரை அண்ணன் எந்தத் தாலியையும் தவறவிட்டதில்லை. அந்தக் கல்யாணங்களில் எல்லாம் மேளம் சுமாராகத்தான் இருந்தது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பெரியப்பா மகள் செல்வியின் கல்யாணத்துக்கு வந்த தவில்காரர் பிரமாதம்.

சின்னாளபட்டியில் மண்டபம். ஐயர் கையை உயர்த்தி "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றார். மண்டபமே மணவறைப் பக்கம் திரும்பியது. ஒரே ஒருவர் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பினார்.

கல்யாண வீட்டு வேலையில் நான் ஸ்டுடியோ பக்கமே போகாததால், எடிட்டிங்கையும் அண்ணனே முடித்துக் கொடுத்துவிட்டார். பத்து நாள் கழித்துப் பெரியப்பா வீட்டு டிவியில் படம் ஓடியது. சம்பந்தி வீட்டாரும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். அவ்வளவுதான், திரை முழுக்கத் தவில். வலது கையில் விரல் விரலாக வெள்ளைக் கூடு, இடது கையில் குச்சி, நெற்றியிலிருந்து சொட்டும் வியர்வை. நான்கு நிமிடம். கேமரா மறுபடி மணவறைக்கு வந்தபோது செல்வி கல்யாணமானவளாக உட்கார்ந்திருந்தாள்.

"தாலி எங்க?" என்றார் சம்பந்தியம்மா.

"மறுபடி ஒருக்காக் கட்டச் சொல்லி எடுத்துருவோம்" என்றார் பெரியப்பா.

"கட்டுன தாலிய அவுக்கச் சொல்றியா? வாயக் கழுவு" என்றார் பெரியம்மா.

பிறகு எல்லோரும் போனை எடுத்தார்கள். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் தாலி கட்டைப் பதிவு செய்திருந்தார்கள். ஒவ்வொரு போனிலும் முன்னால் நின்றவர் தூக்கிப் பிடித்த போன் தெரிந்தது.

பெரியப்பா என்னைத் திட்டவில்லை. "படிச்ச புள்ள சொன்னியேன்னு நம்புனேன்த்தா" என்றார். திட்டியிருந்தால் தேவலை. இனி ரேஷன் அட்டையைக்கூட என்னிடம் தர மாட்டார்கள் என்று அந்த நிமிடம் தோன்றியது.

மறுநாள் அவர் சண்டைக்கு ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியேறிய அவருக்குப் பின்னால் நானும் ஓடினேன். உள்ளே அந்தத் தவில்காரர் பெஞ்சில் உட்கார்ந்து திரையில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னை ஒருவர் படம் பிடித்ததை அன்றைக்கே கவனித்திருக்கிறார். விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"முப்பது வருசமா வாசிக்கிறேன்யா" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எல்லா வீடியோலயும் என் முழங்கை மட்டுந்தான் வரும். எங்க வீட்ல நான் வாசிச்சு ஒருத்தரும் பாத்ததில்ல. இது ஒரு காப்பி கெடைக்குமா? எம் பொஞ்சாதிக்குக் காட்டணும்."

திரையில் நாதஸ்வரக்காரர், அடுத்து என்ன வரப்போகிறதோ என்று தவில்காரரைத் திரும்பிப் பார்த்தார். பெரியப்பா மெதுவாகப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் சத்தமா வையிப்பா" என்றார்.

இரண்டு தடவை பார்த்தார். "இந்த எடத்துல வெரலு எப்புடிய்யா போகுது?" என்று தவில்காரரிடம் கேட்டு, தன் தொடையிலேயே தட்டிப் பார்த்தார். பிறகு வந்த வேலை ஞாபகம் வந்து, டிவிடி அண்ணனைப் பார்த்தார்.

"எல்லாஞ் சரிதான். எம்புள்ள தாலிக்கு என்ன வழி?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தலை குனிந்து நான் பார்த்தது அன்றுதான். "தப்புத்தாண்ணே. அந்த நேரத்துல கை தன்னால திரும்பிருச்சு" என்றார்.

அந்த வாரம் முழுக்க நான் சொந்தக்காரர்களின் போன் பதிவுகளைச் சலித்தேன். ஒன்றில் மாப்பிள்ளையின் கை. ஒன்றில் செல்வியின் குனிந்த முகம். இன்னொன்றில் நாத்தனார் மூன்றாவது முடிச்சைப் போடும் விரல்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு நிமிடம் தேறியது. அதன் மேல் அண்ணன் பதிந்த கெட்டிமேளத்தின் ஒலியை வைத்து, மூன்றாவது முடிச்சு விழுந்ததும் தவிலுக்குத் திருப்பினேன். அந்த நான்கு நிமிடத்தில் ஒரு நொடியைக்கூட வெட்டவில்லை.

பெரியம்மா பார்த்து அழுதார். சம்பந்தியம்மா தங்கள் வீட்டுக்கும் ஒரு டிஸ்க் கேட்டார். பெரியப்பா மட்டும் தீர்ப்புச் சொன்னார்: "ஆளு கெட்டிக்காரன்தான்த்தா. ஆனா தாலியப் பாக்குறதுக்குன்னு அவன் கூட இன்னொரு ஆளு வேணும்."

போன மாதம் என் பெயரில் ஒரு பழைய கேமரா வாங்கிவிட்டேன். அதை வைத்து இரண்டு முகூர்த்தம் எடுத்தும் ஆயிற்று. மணவறைப் பக்கம் நான் நிற்கிறேன். ஐயர் கையை உயர்த்தும்போது, டிவிடி அண்ணன் இப்போது யாருக்கும் பயப்படாமல் திரும்பிக்கொள்கிறார்.